ஒரு சொல் பாக்கி

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றே கொட்டட்டும்.

நீதிமன்றத்துக்கு வரும் பிரெஞ்சுத் தாள்களை ஆங்கிலமாக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் மேசைக்கு அவருடைய மனைவியே பிரெஞ்சில் எழுதிய விவாகரத்து மனு ஓர் உறையில் வந்து சேர்ந்தது. வேலை வேலைதானே என்று உட்கார்ந்தார். பதினெட்டு வரிகளையும் மதியத்துக்குள் முடித்துவிட்டார், ஒரே ஒரு சொல்லைத் தவிர. பிரிவதற்குக் காரணமாக அவள் எழுதியிருந்த ‘லாஸித்யூத்’.

‘டயர்ட்னஸ்’ என்று போட்டால் வெறும் களைப்பு. நாலு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். ‘போர்டம்’ என்று போட்டால் சலிப்பு, அவளுக்குச் சலித்துப்போனது இவர்தான் என்றாகும். முதல் சொல்லை எழுத நேர்மை விடவில்லை. இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. சொல் கிடைக்காதவரை மனு நகராது, மனு நகராதவரை அவள் தன் மனைவிதான் என்று இருந்துவிட்டார்.

ஏழு வருஷம் தேடினார். விரல் பட்டுப் பட்டு அகராதியின் அந்தப் பக்கம் கண்ணாடி போலாகி, அதன் வழியே அடுத்த ஒன்பது பக்கங்களையும் படிக்க முடிந்தது.

“சார், மொழிபெயர்க்கிறீங்களா, அடைகாக்குறீங்களா?” என்றாள் தட்டச்சுக்காரி.

“ஒரே ஒரு வார்த்தைதாம்மா பாக்கி.”

“ஏதோ ஒண்ணைப் போட்டு அனுப்புங்க சார். பாவம், அந்தம்மா காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?”

“காத்திருக்கட்டும்மா,” என்றார் அவர். “என்னை நினைச்சுக்கிட்டுத்தானே காத்திருப்பா.”

அந்த உறையின் மேல் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது: ‘வழக்கு முடிந்தது. இது கணவருக்கான நகல், மொழிபெயர்க்க வேண்டியதில்லை.’