எட்டுச்செலவுப் பாண்

என் மனுசன் லவன் செத்து எட்டாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் நான் பாண் சுடுவேன். அதனால் அன்றும் சுட்டேன்.

கொழும்பு காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சடைப்பு. பாணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவருக்குக் கோதுமையும் பாலும் ஆகாது என்று டொக்டர் சொல்லி ஆறு வருடம். அன்றிலிருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் ஒரு பிடி கோதுமை மா வந்ததில்லை. அரிசிமா இடியப்பமும் புட்டும் இருக்க மனுசனுக்கு எதற்குப் பாண் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். லவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் பாணும் சம்பலும் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் கோதுமை இல்லாமல் பாண் சுடப் பழகினேன்.

அரிசிமா, மரவள்ளி மா, ஊறினால் கொழகொழவென்று வருகிற இசப்கோல் உமி, ஈஸ்ட், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். பிசைகிற வேலை கிடையாது. கரண்டியால் அள்ளி அச்சில் போட வேண்டியதுதான். ஆறுமுன் வெட்டினால் உள்ளே களி. லவன் ஒருநாளும் ஆறவிட்டதில்லை. களியைத் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்பார். பொய்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த பொய்.

அன்றும் கை தன்பாட்டில் எல்லாவற்றையும் செய்தது. எனக்குள் ஒன்றுமில்லை. வந்தவர்களெல்லாம் அழுதார்கள், நான் அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வழக்கத்தில் எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். அதுகூட வரவில்லை.

வத்தளையிலிருந்து லவனின் அக்கா, பத்மாவதி மச்சாள், பைகளோடு வந்தார். எட்டுச்செலவு என்றால் செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் இலையில் படைக்கிற நாள். ஓவனை எட்டிப் பார்த்த மச்சாள், படைக்க ஒரு துண்டு போதுமே, இரண்டு பாண் எதற்கு என்று கேட்டார். ஒன்று இந்தக் கிழமைக்கு, மற்றது பிரீசருக்கு என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பையைப் பிரித்தார்.

இறால் பொரியல், நண்டுக் கறி, பற்றிஸ். அவற்றுக்கு அடியில் கடையில் வாங்கிய கோதுமை ரோஸ் பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ், ஒரு கட்டி பட்டர். மேசையில் கோதுமைத் துகள் விழக்கூடாதென்று நான் பேப்பர் விரித்தேன்.

படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு மச்சாள் ஒவ்வொன்றாக வைத்தார். ரோஸ் பாணை வைத்ததும் நான் குனிந்து அதை எடுத்துவிட்டேன்.

"இதைச் சாப்பிட்டா அவருக்கு மூண்டு நாளைக்கு வயிறு தாங்காது மச்சாள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேணும்."

மச்சாள் அதட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கும் வாய் சும்மா இராது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"இனி அவனுக்கு ஒண்டும் செய்யாது, சுபோ. ஆசைதீரச் சாப்பிடட்டும்."

ஒவ்வொரு முறை டொக்டரிடம் போகும்போதும், இனி ஒன்றும் செய்யாது என்று அவர் சொல்லமாட்டாரா என்றுதான் நான் காத்திருந்தேன். ஆறு வருடம் கேட்க ஆசைப்பட்டதை இப்போது கேட்டுவிட்டேன்.

கத்தியை எடுத்து ரோஸ் பாணை வெட்டினேன். பட்டரைத் தடிப்பாகப் பூசி இலையில் வைத்தேன். துகள் நிலமெல்லாம் கொட்டியது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. என் மனுசன் இனி இல்லை. வீட்டில் இத்தனை பேர் அழுதபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே இன்னொரு துண்டு வெட்டி அதற்கும் பட்டர் பூசினேன்.