ஜாக்கெட்டுக்கு எட்டு மாப்பிள்ளைகள்

1
எட்டாவது பூச்சியும் வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கதை பிறந்ததே இப்படித்தான்: ஜன்னலைத் திறக்கப் பயந்து நோட்டைத் திறந்தேன். (கதையில் வருகிறவள் நானில்லை. அவள் பெயர் இசார்பே. பதினைந்து வயது. பயந்தாங்கொள்ளி.)

2
முதல் தொடக்கம்: பைன் காட்டின் மேல் நிலவு

வேண்டாம். நிலவு இருந்திருந்தால் இசார்பே வேர் தடுக்கி விழுந்திருக்க மாட்டாள்.

இரண்டாவது: இசார்பேயின் அம்மா நியெவெஸ் ஒவ்வொரு மே மாதமும் ஒரு பெண் இசபெலினாவை* வலைக்கூண்டில் வைத்துக் காட்டோரம் தொங்கவிடுவாள். அதன் வாசனைக்கு எத்தனை ஆண் பூச்சிகள் வருகின்றன என்று எண்ணுவாள். வருகிறவை வலைக்கு வெளியே, அது உள்ளே. அதற்கு வாய் கிடையாது, சாப்பாடு கிடையாது, மொத்தமே ஒரு வாரம்தான் உயிர். இன்று ஆறாம் நாள்.

இசார்பேக்குப் பொறுக்கவில்லை. இருட்டியதும் அக்கா ஒரோசியாவின் கம்பளி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்க் கூண்டைத் திறந்துவிட்டாள்.

அது உடனே பறக்கவில்லை. ஜாக்கெட் கையில் ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகுதான் மரங்களுக்குள் போனது. வாசனை மட்டும் கம்பளியிலேயே தங்கிவிட்டது.

* பச்சை இறக்கையில் செம்பழுப்பு நரம்பு ஓடும் அந்திப்பூச்சி. அழகை வர்ணித்தால் கதை நகராது.

3
(இந்தப் பகுதியில் இசார்பேயைத் தைரியசாலியாக்கப் பார்த்தேன். அக்கா உள்ளே வந்துவிட்டாள்.)

"ஏன்டி, என் ஜாக்கெட்டுக்கு இத்தன மாப்பிள்ளையா? நான் போட்டுட்டுப் போனப்ப ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

கீழே கதவுச் சத்தம். அம்மா காட்டிலிருந்து வந்துவிட்டாள்.

"கூண்டு தொறந்து கெடக்குடி. பறந்துட்டா. போகட்டும், அவளும் ஒருநாள் வாழட்டும். ஆனா காட்டுல ஒரு ஆணக்கூடக் காணோமே."

அக்காவும் தங்கையும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

4
முடிவு (அ): இசார்பே அம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்குகிறாள். அதனால் பூச்சிக்கு என்ன லாபம்?

முடிவு (ஆ): "சோப்புப் போட்டு அலசிடலாமா அக்கா?"

"கம்பளிடி. சுருங்கிடும்."

"பச்சத் தண்ணிதான்."

"சுருங்குச்சுன்னா நீதான் போட்டுக்கணும். எல்லா மாப்பிள்ளையோடயும் சேத்து."

அலசியாயிற்று. ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டுப் போய்விட்டன. மணி பதினொன்று ஐம்பது. நடுராத்திரி தாண்டினால் பெண்பூச்சி வாசனை விடாது. காடு ரெண்டு கிலோமீட்டர். இசார்பேக்கு (சரி, எனக்கு) இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்: எட்டில் ஒருத்தனாவது போய்ச் சேர்ந்திருப்பானா?