மரத்தைச் சுற்றுகிறவள்

சுட்ட ஐந்தாவது அணில் சருகில் பொத்தென்று விழுந்ததும் வெர்லின் முதலில் செய்தது, வாயில் அதக்கியிருந்த புகையிலைச் சாற்றைத் துப்பியதுதான். அது மனைவி நோலாவின் பூட்ஸ் முனையில் பட்டு வழிந்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில், தான் துப்பியது எங்கே விழுந்தது என்று அவன் ஒருநாளும் கவனித்ததில்லை.

நோலா அணிலை வாலைப் பிடித்துத் தூக்கி இடுப்புப் பையில் போட்டாள். செத்த உடம்பு குளிரத் தொடங்கினால் தெள்ளுப்பூச்சிகள் சூடான இடம் தேடிக் கிளம்பிவிடும். முதல் நான்கு அணில்களின் தெள்ளுகள் ஏற்கெனவே அவள் சட்டைக்குள் குடியேறியிருந்தன. இனி வீட்டுக்குப் போய்த் தோலுரிப்பதும் அவள்தான். வாலை மிதித்துக்கொண்டு, ஈரச்சட்டையைக் கழற்றுவதுபோல் இழுக்க வேண்டும். மயிர் கறியில் ஒட்டும். குழம்பு கொதித்ததும் வெர்லின் தலைகளை மட்டும் தன் தட்டுக்கு வாங்கிக்கொண்டு, கரண்டிக் காம்பால் மண்டையைத் தட்டி மூளையை உறிஞ்சுவான். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க அவள் ரேடியோவைப் போட்டுவிடுவாள்.

நேற்று சாயங்காலம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், அணில் வேட்டையில் வெல்வது எப்படி என்று அவன் முக்கால் மணி நேரம் பேசினான். பன்னிரண்டு விதிகள் சொன்னான். இன்று வேட்டை விருந்தில் அவனுக்குப் பெயர் பொறித்த பலகை தரப்போகிறார்கள். கென்டக்கி மலைகளில் அவனை மிஞ்ச ஆளில்லையாம். கேள்வி நேரத்தில் தபால் நிலையத்து பெர்ட்டி எழுந்தாள்.

"அணில் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சுக்குமே வெர்லின், அப்ப என்ன பண்ணுவ?"

"பொறுமை," என்றான், கண்ணை மூடிக்கொண்டு. "அணிலோட மனசுக்குள்ள போகணும்."

அடுத்திருந்த சமையலறையில் விருந்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நோலா, மாவை மேசையில் ஓங்கி அறைந்தாள்.

அணிலின் மனசு இவ்வளவுதான்: ஆள் எந்தப் பக்கம் அசைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒருத்தர் ஓசையில்லாமல் அகன்று சுற்றிப் போய், அப்பால் நின்று சருகை மிதிக்க வேண்டும். அணில் இப்பால் வரும். இப்பால் துப்பாக்கியோடு இன்னொருத்தர் சும்மா நின்றால் போதும். இருபத்தாறு இலையுதிர்காலமாகச் சுற்றுவது நோலா. ஒரே ஒருமுறை துப்பாக்கியைக் கேட்டிருக்கிறாள். "அப்ப யாரு நடக்குறது?" என்றான். நியாயமான கேள்விதான் என்று அவளும் அன்று நினைத்துவிட்டாள்.

ஆறாவது ஹிக்கரி மரம். உச்சியில் கொட்டை கொறிக்கும் சத்தம். ஓட்டுப்பொடி தூறலாக விழுந்தது. ஆட்களைக் கண்டதும் அணில் மறுபக்கம் நழுவியது. நோலா அகன்று சுற்றி அப்பால் போய்ச் சேர்ந்தாள். விதிகளை நேரில் பார்க்க வந்திருந்த புது பாஸ்டர் எல்வுட் கிசுகிசுத்தது காட்டின் அமைதியில் தெளிவாகவே கேட்டது.

"சிஸ்டர் எதுக்கு ஒவ்வொரு தடவையும் அங்க போறாங்க?"

"அவளா? விழுந்தத பொறுக்க, பாஸ்டர். வீட்ல சும்மாதானே இருக்கா."

நோலா சருகை மிதிக்கவில்லை. விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே பட்டையோடு ஒட்டியிருந்த அணில் அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

வெர்லின் இருமினான். சீட்டியடித்தான்.

"இது எத்தனாவது விதி?" என்றார் பாஸ்டர்.

"நோலா," என்றான் வெர்லின். "கொஞ்சம் நட."

"எதுக்கு?"

"கால் மரத்துப்போகும்ல."

"எனக்கு ஒண்ணும் மரக்கல. நீ அது மனசுக்குள்ள போ."

கடைசியில் அவனே சுற்றினான். அவன் நோலாவின் பக்கம் வர, அணில் பாஸ்டரின் பக்கம் போனது. "இந்தா, இங்க இருக்கு," என்றார் பாஸ்டர். அவன் மூச்சிரைக்க அங்கே ஓட, அணில் நோலாவிடம் திரும்பியது. மூன்றாவது சுற்றில் அவன் அவள் எதிரே வந்து நின்றபோது, புகையிலைச் சாறு தாடையில் கோடிட்டு, கழுத்தில் ஆவி பறந்தது.

நோலா கையை நீட்டினாள்.

"துப்பாக்கியக் குடு. இப்ப நீ நட."

அவள் விரித்த கையை வெர்லின் பார்த்தான். சட்டைக் கையிலிருந்து ஒரு தெள்ளு ஊர்ந்து வந்து உள்ளங்கையின் நடுவில் நின்றது. சற்று நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, இன்னும் சூடான இடத்தைக் கண்டுபிடித்து, அவன் கழுத்துக்குத் தாவியது.