ரொட்டி ஆறும்வரை

கண்ணாடி வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மேசைமேல் கண்ணாடியைக் கிடத்துவார், அளவுகோலை வைப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுக்கருவியை ஒரே இழுப்பாக இழுப்பார். அவ்வளவுதான். போட்ட கோட்டின்மேல் இரண்டாம் முறை இழுத்தால் கண்ணாடி கண்டபடி விரிசல் விட்டுவிடும். அது தொழில் தெரியாதவன் செய்கிற வேலை. பிறகு லேசாக ஒரு தட்டு, டக்கென்று இரண்டாகிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு ரொட்டியை வெட்டத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

அவர் மனைவி நம்பினாள். நம்பியது மட்டுமல்ல, முப்பத்தொரு வருஷம் அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இரண்டு ரொட்டி சுடுவாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்கு. ஓவனிலிருந்து எடுத்து, அச்சைக் கவிழ்த்துப் பலகையில் தட்டிவிட்டு, "ஏங்க, வாங்க, சூடு ஆறிடப் போகுது" என்று கூப்பிடுவாள். வெட்டுவது அவர் வேலை. அந்த வீட்டில் அவர் செய்த ஒரே சமையல் வேலை அதுதான். சும்மா சொல்லக்கூடாது, அதையும் உருப்படியாகச் செய்ததில்லை. காய் நறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு இழுப்பதுபோல அழுத்தி ஒரே இழுப்பு. உள்ளே ஆவி பறக்கிற ரொட்டி அதைத் தாங்குமா? மேல்தோல் நொறுங்கும், நடுப்பகுதி அமுங்கும், ஓரமெல்லாம் தூள் தூளாக உதிரும்.

"மாவு சரியில்லை" என்பார் அவர்.

"மாவுக்கென்ன குறைச்சல்? கைதான் சரியில்லை" என்பாள் அவள்.

உதிர்ந்ததைத் தட்டில் எடுத்துப் போக முடியாது. அதனால் இருவரும் பலகையைச் சுற்றி நின்றபடியே தின்பார்கள். பெரிய துண்டுகள் அவருக்கு. தூளையெல்லாம் விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து அவள் தன் வாயில் போட்டுக்கொள்வாள். வாரம் பூராவும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், அந்த அரைமணி நேரம் மட்டும் அங்கே நின்று சண்டை போடுவார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். இந்த வழக்கு மட்டும் தீரவேயில்லை.

அவள் சுட்ட கடைசி ரொட்டியை வெட்டியபோது சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். வழக்கம்போல உதிர்ந்தது. நாலு பேர் முன்னால் மானம் போகிறதே என்ற வீம்பில், "இவளுக்கு மாவு பிசையவே வராதுங்க. முப்பது வருஷமா இதே கதைதான்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா சிரித்தார். அவள் மட்டும் அன்றைக்கு 'கைதான் சரியில்லை' என்று சொல்லவில்லை. ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை.

எட்டு மாதமாயிற்று. கடையைத் திறந்தார், மூடினார். மகள் வாரம் ஒருமுறை போன் செய்து "சாப்டியாப்பா?" என்றாள், இவர் "ஆச்சும்மா" என்றார். வராமல் போன அந்த ஒரு பதில் மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் பதில் சொல்லியிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும், அவரும் மறந்திருப்பார். இப்போது அவருக்குத் தெரிந்தாக வேண்டும், கோளாறு மாவிலா, கையிலா என்று. வழக்கில் ஜெயிக்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். இவர் தோற்க ஆசைப்பட்டார். அவள் அளவுப்படி பிசைந்த மாவில் ஒரே ஒரு முழுத்துண்டு வெட்டிவிட்டால் போதும். அவள்மேல் அபாண்டமாகப் பழி போட்டது தான்தான் என்று ஆகிவிடும். ஆன பிறகு என்ன செய்வது என்பதை அவர் யோசிக்கவில்லை.

அலமாரிக் கதவின் உட்பக்கம் அளவுகளை அவள் எழுதி வைத்திருந்தாள். கண்ணாடியில் குறி போட அவர் வைத்திருந்த பென்சிலைத் திருடித்தான் எழுதியிருந்தாள், அந்தத் தடித்த எழுத்திலேயே தெரிந்தது. முதல் ஞாயிறு சுட்டது செங்கல் மாதிரி வந்தது. இரண்டாவது நடுவில் குழி விழுந்தது. மூன்றாவது பார்க்க அச்சு அசல் அவள் ரொட்டி. கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போது அவருக்கு வந்த பயத்தைச் சொல்லி மாளாது. ஒருவேளை மாவுதான் சரியில்லையோ? தான் சொன்னதுதான் உண்மையோ? அன்று முழுக்க அவர் பட்டினி கிடந்தார்.

நான்காவது ஞாயிறு ரொட்டியைப் பலகையில் கவிழ்த்துக் கத்தியைக் கையில் எடுக்கிற நேரம், வாசலில் குரல் கேட்டது.

"அண்ணா! கொஞ்சம் வாங்களேன். காத்துல ஜன்னல் கதவு அடிச்சுக் கண்ணாடி உடைஞ்சிருச்சு. தைக்கக் குடுத்த துணியெல்லாம் ஒரே சில்லு!"

டெய்லரம்மாதான். தொழில் என்று வந்துவிட்டால் அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுவார். ரொட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போனார். அளவெடுத்து, கடைக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்து, சட்டத்தில் இறுகிக் கிடந்த பழைய புட்டிப் பசையைச் சுரண்டி, புதுக் கண்ணாடியைப் பதித்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. டெய்லரம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

"சட்டையெல்லாம் ரொட்டி வாசனை வருதே அண்ணா. நீங்களா சுட்டீங்க?"

"சுட்டு என்னம்மா பண்ண? வெட்டினா உதிருது. அவ சுடறப்பவும் அப்படித்தான்."

"அண்ணி ரொட்டி உதிருமா?" டெய்லரம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "யார் சொன்னது? வாராவாரம் எனக்குக் குடுப்பாங்களே! ஒவ்வொரு துண்டும் அளந்து வெட்டின மாதிரி இருக்கும். ஒரு பொட்டுத் தூள் இருக்காது."

"யார் வெட்டினா?"

"அண்ணிதான். இதோ இந்த மேசையில வச்சுத்தான் வெட்டுவாங்க."

டெய்லரம்மா இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தார். பிரித்தால் நீளமான ஒரு கத்தி. வாயெல்லாம் ரம்பம்போல் பல்.

"எங்க வீட்ல இப்படி ஒரு கத்தியே கிடையாதே!"

"அங்க இருந்தா நீங்க எடுத்திருவீங்கன்னுதான் இங்க வச்சிருந்தாங்க. நீங்க சாப்பிட்டுட்டுத் தூங்கறப்ப வருவாங்க. அதுக்குள்ள ரொட்டி நல்லா ஆறியிருக்கும். பக்கவாட்டுல படுக்க வச்சு, அழுத்தாம, முன்னும் பின்னும் மெதுவா அறுப்பாங்க. நான்கூட ஒரு தடவை கேட்டேன், 'ஏன் அண்ணி, இதை அண்ணாகிட்ட சொல்லிட்டா என்ன?'ன்னு."

"என்ன சொன்னா?"

"'ஒழுங்கா வெட்ட வந்துட்டா அந்த மனுஷன் தட்டுல எடுத்துக்கிட்டு டி.வி. முன்னாடி போயிருவார். உதிர்ந்தாத்தான் அடுப்படியில நிப்பார்'னு சொன்னாங்க."

அவர் டீயைக் குடிக்கவில்லை. கத்தியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

ரொட்டி நன்றாக ஆறியிருந்தது. படுக்க வைத்தார். கை தானாக அழுத்தப் போயிற்று. அடக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் அறுத்தார். முதல் துண்டு முழுசாகச் சாய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. கடைசித் துண்டுவரை ஒரு பிசிறில்லை. மாவு நல்ல மாவு. அவர் தோற்றுவிட்டார். ஆசைப்பட்டபடி தோற்றும் மனசு ஆறவில்லை. அவ்வளவு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவள்! கத்தியைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாமே! அந்த அரைமணி நேரம் பறிபோய்விடக்கூடாது என்று பழியை விழுங்கிக்கொண்டு பலகையைத் துடைத்திருக்கிறாள். அவர் பலகையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவள் பங்குக்கு ஒன்றுமே உதிரவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

சாயங்காலம் துண்டுகள் அத்தனையையும் தட்டில் அடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். கத்தியையும் பழையபடி துணியில் சுற்றி நீட்டினார்.

"நீங்களே வச்சுக்குங்கண்ணா. உங்க வீட்டுக் கத்திதானே?"

"இல்லம்மா. அவ வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு ரொட்டியை ஓவனிலிருந்து எடுத்தார். பலகையில் கவிழ்த்ததும், ஆவி அடங்குவதற்குள், காய் நறுக்கும் கத்தியால் ஒரே இழுப்பு. எல்லாம் நொறுங்கி உதிர்ந்தது.

"மாவுக்கென்ன குறைச்சல்? கைதான் சரியில்லை" என்றார் சத்தமாக.

மறுத்துப் பேச யாரும் இல்லை. பெரிய துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, நின்றபடியே, உதிர்ந்ததை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துத் தின்ன ஆரம்பித்தார்.