கை திரும்பிய பக்கம்

வாசலில் நின்ற ஆண்டாளைப் பார்த்ததும் அன்வர் பாஷாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னால், வல்லம் ரோட்டில், அவன் ஓட்டிய பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்து, அழாமல், செத்துக்கிடந்த புருஷனின் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தவள். இப்போது செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நின்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவன் மனைவி ரோஷன் பீ பாயை விரித்துத் தண்ணீர் கொடுத்தாள். ஆண்டாள் பாதி குடித்துவிட்டுச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கார்த்திகை மாதக் காலையை அவன் போலீசில் சொன்னான், பஸ் முதலாளியிடம் சொன்னான், வக்கீல் இராமச்சந்திரனிடம் மூன்று முறை சொன்னான். பாதி ரோட்டை அடைத்து வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, காயப்போட்டிருந்தார்கள். எதிரில் கரும்பு லாரி. கடலையைக் கொத்திய கோழியை விரட்டிக்கொண்டு அந்த ஊர்க்காரன் பாவாடை என்பவனின் மகள், ஆறு வயது, நேராக பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவந்தாள். பிரேக்கை மிதித்தும் வண்டி கடலைமேல் வழுக்கியது. இடப்பக்கம் மரத்தடியில் ஆண்டாளின் புருஷன் துரைக்கண்ணு உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. திருப்பினேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. திரும்பியது என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னான்.

மற்றவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. டீக்கடையில் அவனை உட்காரவைத்து விளக்கினார்கள். கிழவர் அறுபத்திரண்டு வருஷம் வாழ்ந்து பார்த்துவிட்டார், பிள்ளை இனிமேல்தான் வாழவேண்டும், நீ செய்தது சரிதான் பாய். பாவாடை ஒருநாள் மகளைக் கூட்டிவந்து அவன் காலில் விழச் சொன்னான். குழந்தை விழுந்து எழுந்து, நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டது. உயிரோடிருந்த அந்த முகத்தைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான். பட்ட உடனேயே, யாரோ பார்த்துவிட்டது போலக் கூசினான். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கை திரும்பிய அந்த நொடியில் அதில் ஒன்றுகூட அவன் நினைப்பில் இல்லை. எல்லாம் முடிந்தபிறகு கொண்டுவந்து ஒட்டவைத்த காரணங்கள்.

"ஒண்ணு கேக்கணும் பாய்," என்றாள் ஆண்டாள். "திங்கக்கெழம கோர்ட்டு. அங்க இன்னா வேணா சொல்லிக்க. எனக்கு நெசத்த சொல்லு. அவர பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். பார்த்தேன் என்றால் தெரிந்தே ஏற்றியதாகிவிடும், கேஸே வேறு மாதிரி போய்விடும், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு உன் பெண்சாதி எங்கே போவாள் என்று கேட்டிருந்தார். அன்வர் பாஷா ரோஷன் பீயைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேம்மா."

"அவரு உன்ன பாத்தாரா?"

"பாத்தாரு. எந்திரிக்கப் பாத்தாரு."

"மல்லாட்ட ஆய உக்காந்தார்னா கால் மரத்துப்போயிடும். நான் கை குடுத்தாதான் எந்திரிப்பாரு. கஞ்சி எடுத்தார வூட்டுக்குப் போயிருந்தேன்," என்றாள் ஆண்டாள். பிறகு, "போற வயசுதானேன்னு எங்க தெருவே சொல்லுது. நீயும் அதான் நெனச்சியா?"

"இல்லம்மா. சத்தியமா எதுவும் நெனைக்கல. கை திரும்பிடுச்சு."

"அப்ப ஒரு காரணமும் இல்லியா?"

காரணம் இருந்தது என்றால், துரைக்கண்ணுவை எடைபோட்டு, குறைவு என்று தள்ளியவன் அவன். இல்லை என்றால், அந்த மனிதர் ஒன்றுமில்லாததற்குச் செத்தவர். இதில் எந்தப் பதிலை இந்தப் பொம்பளை வீட்டுக்கு எடுத்துப்போவாள்?

"கோர்ட்டுலயும் பாத்தேன்னே சொல்லு பாய்," என்றாள் அவள் எழுந்துகொண்டே. "பாக்காம ஏத்திட்டுப் போறதுக்கு அவரு இன்னா கல்லா, கட்டையா?"

அதற்குப் பிறகுதான் கதவிடுக்கில் நின்ற இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்தாள். சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை, மறுபடி சொல்லவுமில்லை.

திங்கட்கிழமை அவன் கூண்டில் ஏறியபோது கடைசி பெஞ்சில் ஆண்டாள் உட்கார்ந்திருந்தாள். இறந்தவரை முன்கூட்டியே பார்த்தாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பாக்கலீங்க ஐயா."

இந்த முறை எதுவும் தானாக நடக்கவில்லை. யோசித்து, பிள்ளைகளை நினைத்து, அதன்பிறகு சொன்னான்.

தீர்ப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். விடுதலைதான், போய் நிம்மதியாகச் சாப்பிடு என்று வக்கீல் தோளைத் தட்டினார். வெளியே வைகாசி மாதத்து நான்கு மணி வெயில் சாய்வாக அடித்தது. சாட்சி சொல்ல வந்திருந்த பாவாடை, தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். வாயைத் திறந்தபடி தூங்கிய குழந்தையின் முகத்தில் நேராக வெயில். இரண்டடி தள்ளி நின்ற ஆண்டாள், தூரத்தில் தெரிந்த ராஜகிரி மலையைப் பார்த்தபடியே ஓரடி நகர்ந்தாள். அவள் நிழல் குழந்தையின் முகத்தில் விழுந்தது. தெரிந்து நகர்ந்தாளா, பஸ் வருகிறதா என்று பார்க்க நகர்ந்தாளா, அன்வர் பாஷாவுக்குத் தெரியவில்லை. கோர்ட்டுப் படியிலிருந்து இறங்காமல், அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றான்.