மாப்பிள்ளையின் பின்னந்தலை

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரிக்கு எங்கே தப்பு என்றே பிடிபடவில்லை. மூன்றாவது பறவைக் கண்காட்சியிலும் நடுவர் அதையேதான் சொன்னார்: "உடம்பு அருமை, பட்டை அருமை. பின்னந்தலையில புள்ளிதான் காணோம்." வீட்டுக்கு வந்து பறவையைக் கையில் பிடித்துப் பார்த்தால், புள்ளி இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்கு, பளிச்சென்று மஞ்சளாக.

"மூணு நடுவருக்கும் நானே கண்ணாடி மாட்டி விடணும் போல," என்று கணவனிடம் புலம்பினாள்.

பைடு வகை பட்ஜி கிளிக்கு ஆங்காங்கே நிறம் விட்டுப்போயிருக்கும். பச்சை உடம்பில் வயிற்றைச் சுற்றி மஞ்சள் பட்டை, பின்னந்தலையில் மஞ்சள் புள்ளி. இரண்டும் ஒழுங்காக அமைவது அபூர்வம். அவள் பறவைக்கு அமைந்திருந்தது. எப்போதும் நெஞ்சை நிமிர்த்திக் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் என்பதால் வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

கூண்டுகள் இருந்த பின்னறை மேல், அதே வீட்டில் இருந்த நாத்தனாருக்கு, கணவனின் அக்காவுக்கு, ஒரு கண். அவளுடைய எம்பிராய்டரி மெஷின் கூடத்தில் சோபாவை இடித்துக்கொண்டு நின்றது. அடுத்த கண்காட்சியிலும் மாப்பிள்ளைக்கு முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைக்காவிட்டால் பறவைகளைக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்வதாக இவளே வாய் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நாத்தனார் அளவு நாடாவுடன் அறைக்குள் வந்தாள்.

"அண்ணி, கண்காட்சி இன்னும் நடக்கவே இல்ல."

"அளந்தா உன் ரூம் தேஞ்சா போயிடும்?" நாத்தனார் கூண்டருகே குனிந்தாள். "ஆமா, புள்ளி புள்ளிங்கறியே, எங்க அது?"

"தலைக்குப் பின்னாடி."

நாத்தனார் இடப்பக்கம் நகர்ந்தாள். மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் திரும்பியது. வலப்பக்கம் வந்தாள். அதுவும் வந்தது.

"என்னம்மா, நான் ஃபோட்டோ எடுக்கப் போறேன்னு நெனைச்சிடுச்சா? இத்தனை நாள்ல இதோட முதுகை நான் பாத்ததே இல்ல."

கடைக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கண்காட்சிக் கூண்டு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பின்புறமும் பக்கங்களும் மேலேயும் மரப்பலகை. முன்னால் மட்டும் கம்பி. உள்ளே உட்கார இரண்டு குச்சிகள். நடுவர் முன்னால் நின்றபடியே பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார். பறவை முகம் காட்டி நிற்க வேண்டும் என்று, குஞ்சாக இருந்தபோதிலிருந்தே இவள் முன் கம்பி வழியாகத் தினைக்கதிர் நீட்டிப் பழக்கியிருந்தாள். அது பாடத்தை அளவுக்கு மீறிப் படித்துவிட்டது. யாருக்குமே முதுகைக் காட்டவில்லை.

கண்காட்சியில் கூண்டுக்குள் எதையும் மாட்டக் கூடாது, பறவையைக் கூப்பிடவும் கூடாது. அப்படியென்றால் திரும்பச் சொல்வது யார்? நடுவரேதான்! எல்லா நடுவர் கையிலும் ஒரு மெல்லிய கோல் இருக்கும். எல்லோரும் அந்தக் கோலால் கம்பியை ஒருமுறை தட்டுவார்கள்.

ஒரு சமையல் கரண்டியின் காம்பை எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினாள். முதலில் கோணலாகப் போனது. தட்டியதும் மாப்பிள்ளை அழகாகத் திரும்பியது. அப்புறம் பின் பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டது.

"கோவிச்சுக்கிச்சுடி," என்றாள் நாத்தனார். அதன்பின் கரண்டி பிடிக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சி நாளில் இருவரும் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நடுவர் வந்தார், கம்பியைத் தட்டினார். மாப்பிள்ளை திரும்பியது. நடுவர் கூண்டுக்குள் மூக்கை நுழைக்காத குறைதான். கோலை இறக்கியதும் அது மறுபடி நெஞ்சை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. உதவியாளர் கூண்டைத் தூக்கிப் பரிசு வரிசையில் இரண்டாவதாக வைத்தார்.

"அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ரூம் என்னோடது," என்றாள் நாத்தனார், சிரிப்பை அடக்க முடியாமல்.

"கடைக்குப் பின்னாடி இடம் இருக்கு அண்ணி. நாளைக்கே மெஷினைக் கொண்டு வாங்க. ஜன்னல்கூட இருக்கு."

பக்கத்தில் நின்ற இன்னொரு பறவைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதெப்படிங்க திரும்புது?"

"வீட்டுல கூண்டோட பின் பலகையில தினைக்கதிர் மாட்டுங்க," என்றாள் கடைக்காரி. "கம்பியைத் தட்டுங்க. திரும்பி ஒரு கொத்து கொத்தும். உடனே கோலை இறக்கி, முன்னாடி ஒரு கதிர் நீட்டுங்க. பழகினதும் ரெண்டு கதிரையும் எடுத்துடுங்க. தட்டினா முதுகு, இறக்கினா முகம். அவ்வளவுதான்."