கிராணி ஐயாவுவின் இடது கால்

1

நகைச்சுவை என்பது ஊனத்தின் உச்சியில் மானுடம் நாட்டிய வெற்றிக்கொடி.

இந்த வாக்கியம் ஒரு விழா மலரில் வந்தது. எழுதிக் கொடுத்தவர் பெர்னாட். கதையைத் தொடங்க வேறெதுவும் தோன்றாததால் அதையே மறுபடி எடுத்துப் போட்டிருக்கிறார். கதை பிறந்த காரணம் இவ்வளவு பெரியதல்ல. நாகமணி ஆறு வாரமாக அவருடைய போனை எடுக்கவில்லை.

(இது 'நான்' என்று எழுத வேண்டிய கதை. படர்க்கையில் வைத்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று பெர்னாட் நினைக்கிறார்.)

2

மறுபடியும் தொடக்கம். ஜெராமில், மீன் பொரிக்கும் கடைக்கு மேல்மாடியில், ஓர் இணைய வானொலி இருந்தது. சனிக்கிழமைதோறும் ஊனத்தைப் பற்றிய நகைச்சுவை நாடகம். அதை ஏன் மாடியில் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அதை வைத்தே மூன்று நாடகம் போட்டார்கள். சிறு வயதிலேயே இடது கால் சூம்பிப்போன நாகமணி ஊன்றுகோலோடு இருபத்தாறு படி ஏறி வருவார். மேலே பாலில்லாத தே ஓ குவளையோடு பெர்னாட் நிற்பார்.

"ஊனமுற்றோர் அட்டை வேணும்னா ரெண்டாவது மாடிக்கு ஏறி வரணும்மா."

"ஏறி வந்துட்டா?"

"அப்ப ஊனம் இல்லன்னு எழுதிடுவோம்."

இந்த நாடக வசனம் நாகமணி எழுதியது. பெர்னாட் எழுதியதாகப் பலர் இன்னும் சொல்கிறார்கள். (அவர் மறுத்ததில்லை.)

நாடகத்தில், இரண்டு காலும் நன்றாக இருந்த பெர்னாட்தான் ஊன்றுகோல் வைத்த தோட்டத்து எழுத்தர், கிராணி ஐயாவு. நாகமணி, தோட்டம் முழுக்க ஓட்டமும் நடையுமாக அலைந்து வேலை வாங்கும் மண்டோர் இருசப்பன். ஐயாவு நடந்தால் நாகமணி உட்கார்ந்தபடியே தன் ஊன்றுகோல் கட்டையால் தரையில் தட்டுவார். இருசப்பன் நடந்தால் பெர்னாட் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மிதிப்பார். மைக்குக்கு முன்னால் அவர் நடையை இவரும் இவர் நடையை அவரும் நடந்தார்கள்.

"அவசரப்படாதலா பெர்னாட்டு. கட்ட முன்னால போவும், எடது காலு பின்னால வரும். நீ காலுக்கு முந்தி வசனத்த தள்ற."

பதிவுக்காக விசிறியை நிறுத்துவார்கள். வியர்வை கொட்டும். கீழிருந்து மீன் வாசனை ஏறும். இப்போதும் எங்காவது மீன் பொரித்தால் பெர்னாட்டின் கால் தரையை மிதித்துப் பார்க்கிறது.

3

வானொலி மூடி எட்டு வருடம் கழித்து, கோலசிலாங்கூரில் ஒரு சங்கம் விழா எடுத்தது. 'ஊனத்தை வென்ற சிகரம்' என்று பெர்னாட்டுக்கு மட்டும் அழைப்பு. குரல் யாருடையதோ கட்டையும் அவருடையதுதான் என்று நம்பிவிட்டார்கள்.

"போய் வாங்கிக்க," என்றார் நாகமணி போனில். "கட்ட தட்டுனது நானுன்னு மேடையில ஒரு வார்த்த சொல்லிடு, போதும்."

"கண்டிப்பா சொல்றேன் மணி."

"முன்வரிசையில உக்காந்து கேப்பேன்."

மேடைக்கு ஆறு படி. சாய்தளம் இல்லை. முதல் படியில் கால் வைத்ததும் நாலு பேர் ஓடிவந்து பெர்னாட்டைத் தாங்கினார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை பேர் தாங்கும்போது நேராக நடப்பது மரியாதையாகப் படவில்லை.

நொண்டினார்.

கண்ணீர் மல்க நாகமணி

இல்லை. நாகமணி அழவில்லை. பதிவின்போது செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

4

முடிவு ஒன்று: பெர்னாட் மைக்கை வாங்கி உண்மையைச் சொல்கிறார். (மைக் கையில்தான் இருந்தது. "எல்லாருக்கும் நன்றி" என்றார்.)

முடிவு இரண்டு: விழாவில் கொடுத்த கேடயத்தோடு புக்கிட் செந்தோசாவில் நாகமணி வீட்டுக்குப் போகிறார். நாகமணி அதை வாங்கி, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். (போனார். கேட் வரைக்கும். திரும்பி வந்துதான் இதை எழுத உட்கார்ந்தார்.)

5

நாகமணி போனை எடுக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லிவிடுங்கள். தீர்மானிக்க ஒரு தகவல் உதவலாம்.

மேடை ஏறும்போது பெர்னாட் நொண்டியது இடது காலில். இறங்கும்போது வலது காலில்.